குக்கியும் வாக்காளர் இடாப்பும்

அம்மம்மா எந்தப் படிவத்தையும் லேசில் நிரப்ப மாட்டா. "இதையெல்லாம் எதுக்குக் கேக்கிறாங்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. சுப்பர்மார்க்கெட்டில் பொயின்ட்ஸ் கார்ட்டுக்குப் பெயர் கேட்டாலும் அதே கேள்விதான். சின்ன வயதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது. அவ 1983 யூலையில் வெள்ளவத்தையில் இருந்தவ எண்டதைப் பிறகுதான் சேர்த்து யோசித்தேன். அந்த நாட்களில் கொழும்பில் இறங்கிய கும்பல்களில் சில, வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் தமிழர் வீடுகளைத் தேடி வந்தன. பெயரைப் பார்த்தாலே ஆர் எண்டு தெரிந்துவிடும், பக்கத்திலேயே முகவரி. வோட்டுப் போடுவதற்காகக் கொடுத்த விபரம் அது.

இன்றைக்கு எழுத வந்தது குக்கியின் வரலாறு. அதற்கு ஏன் இந்த முன்கதை எண்டு கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கோ.

1994 இல் இணையத்தளங்களுக்கு ஞாபகசக்தியே இல்லை. ஒரு பக்கத்தில் இருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் நீங்கள் புது ஆள். இணையக் கடையில் ஒரு சாமானைக் கூடைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினால், அது ஆருடைய கூடை எண்டு கடைக்குத் தெரியாது. அமெரிக்காவில் நெட்ஸ்கேப் கொம்பனியில் வேலை செய்த லூ மொன்டுலி, இருபதுகளில் இருந்த பெடியன், இதற்கு ஒரு வழி கண்டார். தளம் ஒரு சின்னக் குறிப்பை உங்கள் கணினியிலேயே விட்டுவைக்கும். அடுத்த முறை போகும்போது உங்கள் பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். டோக்கன் மாதிரி. புரோகிராமர்கள் மத்தியில் முன்பே புழங்கிய "மஜிக் குக்கி" என்ற சொல்லில் இருந்து பெயர் வந்தது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கு. ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு நிரந்தர இலக்கம் கொடுத்திருந்தால் வேலை இன்னும் சுலபம். அடையாள அட்டை இலக்கம் மாதிரி எல்லாத் தளங்களும் அதையே வாசிக்கலாம். மொன்டுலி அதை வேண்டாம் என்று விட்டார். ஒரு ஆள் எங்கெங்கே போகிறார் எண்டு எல்லாரும் பின்தொடரலாம் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. அதனால்தான், குக்கியை எந்தத் தளம் வைத்ததோ அந்தத் தளம் மட்டுமே வாசிக்கலாம் என்று விதி வந்தது.

ஓட்டை விழுந்தது விளம்பரத்தால். ஒரு செய்தித் தளத்தில் நீங்கள் பார்க்கும் விளம்பரப் படம் பெரும்பாலும் அந்தத் தளத்தில் இருந்து வருவதில்லை, விளம்பரக் கொம்பனியின் கணினியில் இருந்து வருகிறது. படத்தோடு சேர்த்து அந்தக் கொம்பனியும் தன் குக்கியை வைத்துவிடலாம். அது ஆயிரம் தளங்களில் விளம்பரம் போட்டால், ஆயிரம் இடத்திலும் உங்களை அடையாளம் காணும். விதி மீறப்படவே இல்லை, பாருங்கோ. வைத்தவர்தான் வாசிக்கிறார்! டபிள்கிளிக் என்ற கொம்பனி இதில்தான் வளர்ந்தது.

1996 பெப்ரவரியில் பினான்சியல் டைம்ஸ் பத்திரிகை எழுதும்வரை, தங்கள் கணினிக்குள் இப்படி ஒன்று இருக்கு எண்டே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. 1997 இல் வந்த இணையத் தர ஆவணம், இப்படி வெளியார் வைக்கும் குக்கிகளை பிரவுசர்கள் தாமாகவே மறுக்கவேண்டும் என்றது. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசொப்டும் கணக்கெடுக்கவில்லை. தளங்கள் இலவசமாக ஓடுவது விளம்பரக் காசில், தடுத்தால் கண்ணுக்குத் தெரியாத வேறு வழி தேடுவார்கள் என்பது மொன்டுலியின் நியாயம். முழுக்கப் பிழை எண்டு சொல்லேலாது. ஆனாலும் உலகத்துக்கே பொருந்தப்போகிற தீர்மானம் ஒன்றை ஒரு கொம்பனி அறைக்குள் எடுத்து முடித்துவிட்டார்கள்.

1999 இல் டபிள்கிளிக், அபாகஸ் டிரெக்ட் என்ற கொம்பனியை வாங்கியது. தபால் மூலம் சாமான் வாங்கிய கோடிக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்களின் பெயரும் முகவரியும் அபாகஸிடம் இருந்தன. அதுவரை குக்கிக்குத் தெரிந்தது வெறும் இலக்கம். இனி அந்த இலக்கத்துக்குப் பெயரும் வீடும் கிடைக்கும். எதிர்ப்புக் கிளம்பி, அரசாங்க விசாரணையும் தொடங்க, 2000 மார்ச்சில் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2007 இல் கூகுள் 310 கோடி டொலருக்கு டபிள்கிளிக்கை வாங்கச் சம்மதித்தது. 2016 இல் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, அந்த உலாவல் விபரத்தை ஆட்களின் கூகுள் கணக்கோடு சேர்க்கவும் வழி வைத்தது. 2000 இல் இருந்த சத்தத்தில் பாதிகூட இந்தமுறை கேட்கவில்லை.

வீடெரித்ததையும் சப்பாத்து விளம்பரத்தையும் ஒரே தராசில் வைக்கிறேன் எண்டு நினைக்காதீங்கோ. நான் பார்ப்பது அதற்கு முந்தின படியை: ஒன்றுக்கெண்டு கொடுத்தது இன்னொன்றுக்குப் போகிறது, கொடுத்தவருக்குத் தெரியாமலே போகிறது. வாக்காளர் இடாப்பைத் தயாரித்தவர்கள் கலவரத்துக்காகத் தயாரிக்கவில்லை. மொன்டுலியும் கூடைக்காகத்தான் குக்கியைச் செய்தார்.

அம்மம்மாவின் "எதுக்கு" என்ற கேள்வி சட்டத்திலும் இருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதியும், எங்கட நாட்டின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், என்ன நோக்கத்துக்காக விபரம் எடுக்கப்படுகிறதோ அந்த நோக்கத்தோடு நிற்கவேண்டும் என்கின்றன. எங்கட சட்டத்தின் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் அமுலுக்கு வர இருந்து, அந்தத் திகதியும் பின்போடப்பட்டது.

அதுக்கிடையில் அம்மம்மாவின் போனில் "எல்லாவற்றையும் ஏற்கிறேன்" எண்ட பெட்டி வந்தால் என்னைத்தான் கூப்பிடுவா. பச்சை பட்டன் பெரிசாக இருக்கும். மறுக்கிற பட்டன் எங்கே எண்டு நான் கண்ணைச் சுருக்கித் தேடிக்கொண்டிருப்பேன், அவ பக்கத்தில் இருந்து அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பா.