தராசில் வைத்த லென்ஸ்கள்



பழைய கேமரா லென்ஸ்களைத் தேடி வாங்கும் ஆர்வம் இப்போது இளைஞர்களிடம் பெருகியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அவர்களில் பலர் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தே தரத்தை முடிவு செய்துவிடுகிறார்கள். கனமாக இருந்தால் உசத்தி, லேசாக இருந்தால் மட்டம். இந்தக் கணக்கு சரியா என்று வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம். ஒப்பிடுவதற்கு எளிதாக ஓர் அளவு வைத்துக்கொள்ளலாம்: ஒரு கோழிமுட்டை ஏறக்குறைய 50 கிராம்.

முதலில் 1839. பாரிஸில் டாகேர் தம் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்த ஆண்டு. அந்த வெள்ளி பூசிய தட்டில் படம் பதிய நிறைய ஒளி வேண்டும். அன்றிருந்த லென்ஸோ மிகக் குறைந்த ஒளியையே உள்ளே விட்டது. அதனால் மனிதர்களைப் படமெடுக்க, அவர்களை வெயிலில் பல நிமிடம் அசையாமல் உட்கார வைக்க வேண்டியிருந்தது. குழந்தையை அப்படி உட்கார வைக்க முடியுமா?

இதற்கு வழி கண்டவர் வியன்னா பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால். 1840-இல் அவர் நான்கு கண்ணாடிகள் கொண்ட ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டே வடிவமைத்தார். நீண்ட கணக்குகளைப் போட ஆஸ்திரியப் பீரங்கிப் படையிலிருந்து கணிதம் தெரிந்த வீரர்களைத் துணைக்குக் கொடுத்தார்கள். ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. டாகேரின் கேமராவில் இருந்த லென்ஸைவிட இது ஏறக்குறைய 16 மடங்கு பிரகாசமான பிம்பத்தைத் தந்தது. நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிடத்துக்குள் முகம் பதிந்தது.

அதற்குக் கொடுத்த விலை எடை. அகலமான கண்ணாடி, அதைச் சுற்றிப் பித்தளைக் குழல். பித்தளை தண்ணீரைப்போல் எட்டரை மடங்கு அடர்த்தி உள்ளது. கண்ணாடி, வகையைப் பொறுத்து இரண்டரை முதல் நான்கு மடங்கு. ஆக, அந்தக் காலத்து லென்ஸின் கனத்தில் பெரும்பங்கு குழலுக்கும் உண்டு. தட்டுக்கு வேகம் போதாததால் லென்ஸ் பெருத்தது. உட்கார்ந்திருப்பவரின் சிரமத்தைப் படம் எடுப்பவர் தோளுக்கு மாற்றிக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

அந்தத் தோள் வலித்தபோது அடுத்த மாற்றம் வந்தது. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக்குக்கு ஆஸ்துமா. படமெடுப்பதில் ஆசை, ஆனால் தட்டுக் கேமராவையும் அதன் சாமான்களையும் தூக்கிக்கொண்டு மேடு ஏற முடியவில்லை. சினிமாவுக்கான ஃபிலிமில் சிறிதாகப் படமெடுத்து, பிறகு பெரிதாக்கினால் என்ன என்று யோசித்தார். படம் சிறிதானால் லென்ஸும் சிறிதாகலாம். முதல் உலகப் போருக்கு முன்பே மாதிரியைச் செய்துவிட்டார். 1925-இல் லைக்கா என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதற்காக மாக்ஸ் பெரெக் வடிவமைத்த 50 மி.மீ. எல்மார் லென்ஸின் எடை நூறு கிராமை ஒட்டித்தான் இருக்கும். இரண்டு முட்டை! அது மட்டமான லென்ஸ் என்று எவரும் சொன்னதில்லை.

பிறகு ஏன் மறுபடியும் கனம் ஏறியது? இரவிலும் வீட்டுக்குள்ளும் படமெடுக்க ஆசை வந்ததால். இங்கே ஒரு சின்ன வகுத்தல். லென்ஸின் குவியத் தூரத்தை அதன் எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி புகும் துளையின் விட்டம் கிடைக்கும். எல்மார் எஃப் 3.5, 50-ஐ 3.5-ஆல் வகுத்தால் 14 மி.மீ. சொச்சம். 1961-இல் கேனன் கொண்டுவந்த 50 மி.மீ. லென்ஸ் எஃப் 0.95, வகுத்தால் கிட்டத்தட்ட 53 மி.மீ. விட்டம் இரு மடங்கானால், அதே வடிவமுள்ள கண்ணாடியின் கன அளவு எட்டு மடங்காகும். அந்தக் கேனன் லென்ஸ் 605 கிராம், ஒரு டஜன் முட்டை. அதே 1961-இல் வந்த கோடாக்குரோம் 2 வண்ண ஃபிலிமின் வேகம் வெறும் 25. இன்று கைபேசியில் சர்வசாதாரணமாக வரும் எண் அதைப்போல் பல மடங்கு. ஃபிலிமால் முடியாததை லென்ஸ் சுமந்தது.

கண்ணாடி மட்டுமல்ல, எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பரவியபோது, படமெடுக்கும் நொடியில் துளையைத் தானாகச் சுருக்கும் நெம்புகோலும் சுருளும் லென்ஸுக்குள் ஏறின. கனம் கூடியது. அதைக் குறைத்தே தீருவது என்று நின்றவர் ஒலிம்பஸின் மைத்தானி யோஷிஹிசா. 1972-இல் வந்த அவருடைய கேமரா 510 கிராம். அதற்கான 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 170 கிராம்.

இனி நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் சாட்சி. கேனன் 1987-இல் வெளியிட்ட 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 190 கிராம். 1990-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு 130 கிராம். உள்ளே இருந்த ஆறு கண்ணாடிகளின் அமைப்பு அதேதான். கேமராவில் பொருந்தும் உலோக வளையம் பிளாஸ்டிக் ஆனது, தூரம் காட்டும் சிறு ஜன்னல் போனது. 60 கிராம் குறைந்தும் ஒளி செல்லும் பாதை மாறவில்லை. உலோகம் வீண் என்று சொல்லவில்லை. அடிக்கடி கழற்றி மாட்டினால் உலோக வளையம் அதிக நாள் தாங்கும். அது உழைப்பின் தரம், படத்தின் தரம் வேறு.

ஆகவே தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு லென்ஸ்களின் எடையை ஒப்பிடும்போது ஒரே குவியத் தூரமா, ஒரே எஃப் எண்ணா, ஒரே வகைக் கேமராவுக்கானதா என்று முதலில் பாருங்கள். மூடிகளையும் அடாப்டரையும் கழற்றிவிட்டு நிறுங்கள். பிறகு அந்தக் கனம் கண்ணாடிக்கா, உலோகத்துக்கா என்று கேளுங்கள். கனத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். மூச்சிரைக்கும் ஒரு மனிதர் சுமையைக் குறைக்க நினைத்ததால்தான் கேமரா நம் எல்லோர் கைக்கும் வந்தது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய லென்ஸ் ஏதாவது இருந்தால், சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்து எடையையும் அதன் மேல் பொறித்திருக்கும் எண்களையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். சேர்ந்து கணக்குப் போடுவோம்.