போலீஸ் கோர்ட்டில் தொடங்கிய குடும்ப ஆலோசனை

குடித்துப் பிடிபட்டவர்கள் விடுதலையாவதும் மறுபடி சிறைக்குப் போவதுமாகக் கிடப்பதைப் பொறுக்காமல், ஃபிரெடரிக் ரெய்னர் என்ற ஆங்கிலேய அச்சகத் தொழிலாளி 1876-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு ஐந்து ஷில்லிங் அனுப்பினார். அதே ஆண்டில் லண்டன் சதர்க் போலீஸ் கோர்ட்டில் சங்கத்தின் ஊழியர் ஒருவர் அமர்த்தப்பட்டார். நன்னடத்தை அலுவலர் என்ற பதவிக்கு வித்து அதுதான்.

குடிகாரனைத் திருத்த வந்தவரிடம் அவன் மனைவியும் வந்து நின்றாள். கணவனின் கொடுமைக்கு ஆளானவள் மாஜிஸ்திரேட்டிடமே பிரிந்து வாழ ஆணையும் ஜீவனாம்சமும் கேட்க 1878, 1895 சட்டங்கள் வழிவிட்டிருந்தன. விவாகரத்து மன்றத்துக்குச் செலவழிக்க வசதியில்லாத பெண்களுக்கு அந்த போலீஸ் கோர்ட்டே கதி. ஊழியர் வீடு தேடிப் போய்ப் பேசிச் சேர்த்துவைக்கப் பார்ப்பார். அடி காத்திருந்த வீட்டுக்கே சமரசம் சில பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கும் என்பதையும் இங்கே மறைக்கக் கூடாது.

1907-ல் இந்த ஊழியர்களின் நன்னடத்தைப் பணிக்குச் சட்டத்தின் அங்கீகாரம் கிடைத்தது. 1937-ல் தம்பதியரைச் சமரசப்படுத்துவதும் சட்டத்துக்குள் வந்தது. விவாகரத்தில் தவிக்கும் குழந்தைகளுக்காக நீதிமன்ற நல அலுவலர்கள் வேண்டும் என்றது 1947-ன் டென்னிங் குழு அறிக்கை. 2001-ல் அந்தப் பொறுப்பு நன்னடத்தைத் துறையை விட்டு காஃப்காஸ் என்ற தனி அமைப்புக்குப் போனது.

இந்தியா வேறு வழியில் போனது. 1958-ன் நன்னடத்தைச் சட்டம் குற்றவாளிகளோடு நின்றுகொண்டது. சீனாவில் குடும்ப நீதிமன்றங்களைப் பார்த்து வந்த சமூக சேவகி துர்காபாய் தேஷ்முக் 1950-களிலேயே இங்கும் அவை வேண்டுமென்று பேசியும், குடும்ப நீதிமன்றச் சட்டம் வர 1984 ஆனது. அதன் 6-ஆம் பிரிவு ஆலோசகர்களை நியமிக்க வழிசெய்கிறது. மருத்துவரையோ குடும்ப நலனில் தொழில்முறையாக ஈடுபட்டவரையோ, கூடுமானால் ஒரு பெண்ணை, நீதிபதி துணைக்கு அழைக்கலாம் என்கிறது 12-ஆம் பிரிவு. வழக்கறிஞரை வைத்துக்கொள்வது அங்கே உரிமையல்ல என்பதால், கட்சிக்காரர் மனம்விட்டுப் பேசும் இடம் பெரும்பாலும் ஆலோசகரின் அறைதான்.

அங்கே பேசியது நீதிபதியின் மேசைக்குப் போகலாமா? சமரசப் பேச்சு ரகசியம் என்பது பொது விதி. ஆனால், குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கில் ஆலோசகர் குழந்தையோடு பேசித் தரும் அறிக்கைக்கு அந்த ரகசியம் பொருந்தாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையின் நலனே பெரிது என்ற வகையில் அது சரியான முடிவு. ஆனால் எந்தப் பேச்சு அறைக்குள் நிற்கும், எது அறிக்கையாகும் என்பதை உள்ளே அழைக்கும் முன்பே பெற்றோரிடமும், புரியும் வயதென்றால் குழந்தையிடமும் சொல்லிவிட வேண்டும்.