கோழியாளத்துச் சீனிவாசன் – 6: தெருவில் நடக்க ஒரு தீர்மானம்

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. கழுத்தில் அடையாள அட்டையோடு ஷிப்டுக்கு ஏறும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பகுதியெல்லாம் அன்றைய செங்கல்பட்டு ஜில்லா. இங்கே பொதுத்தெருவில் கால் வைப்பதற்கே சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. கொண்டுவந்தவர் இதே ஜில்லாவின் கோழியாளத்தில் 1860-ல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன்.

அடிமைமுறைக்கு இனி சட்டத்தின் ஆதரவு இல்லை என்று 1843-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி அரசு சொல்லிவிட்டது. ஆனாலும் பண்ணையில் கட்டுண்டு உழைத்த படியாள் படியாளாகவேதான் இருந்தார். அப்பன் வாங்கிய கடனுக்கு மகனும் அதே பண்ணையில் ஏர் பிடித்தார். குடியிருந்த மனைகூட அவருக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் குடிசை போய்விடும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் அரசுக்கு எழுதிய அறிக்கை இந்த நிலையைத்தான் விவரித்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் பிறந்தது அதிலிருந்துதான். அதே 1891-ல் சென்னையில் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார் சீனிவாசன். அந்தப் பெயரைச் சொல்லி இழித்தவர்கள் நடுவே, 1893-ல் ‘பறையன்’ என்றே பத்திரிகைக்கும் பெயர் வைத்தார். எத்தனை நெஞ்சுரம்! ஆனால் சட்டசபை வாசல் இன்னும் திறக்கவில்லை.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ராபர்ட் ஸ்மால்ஸ், அடிமைமுறை ஒழிந்த மூன்றே ஆண்டுகளில், 1868-ல், தென் கரோலினா சட்டசபைக்குள் போய்விட்டார். நம் சேரிக்காரர் ஒருவர் சென்னைச் சட்டசபையில் உட்கார, 1843-க்குப் பிறகு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு 1921-ல் ஊர் திரும்பிய சீனிவாசன், 1923-ல் நியமன உறுப்பினரானார். மறு ஆண்டு ஆகஸ்டில் தீர்மானத்தோடு சபையில் எழுந்தார். அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தன் சாதி தெரிந்துவிடுமோ என்று மற்றப் பிள்ளைகளோடு விளையாடாமல் ஒதுங்கி நின்ற பையன்தான் அவர். இப்போது முழுச் சபையின் முன்னால் கேட்டார்: எந்த ஊரிலும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் தடை கூடாது என்று அரசு ஏற்க வேண்டும்.

தீர்மானம் நிறைவேறியது. 1925 பிப்ரவரியில் அரசிதழிலும் வந்தது.

ஆனால் அரசிதழைக் காட்டினால் ஊர்க் கிணறு திறந்துவிடுமா? மறிப்பவனைத் தண்டிக்க அதில் ஒரு வரியும் இல்லை. உத்தரவு மட்டும் போதாது, சட்டம் செய்யும் இடத்தில் எங்கள் ஆட்களை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. அந்தக் கோரிக்கையோடு 1930-ல் அம்பேத்கரும் சீனிவாசனும் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார்கள். மறு ஆண்டு இரண்டாம் மாநாடு. அங்கே இந்தத் தனி வாக்காளர் தொகுதிக் கோரிக்கையை எதிர்த்தவர், தென்னாப்பிரிக்காவில் சீனிவாசனுக்குப் பழக்கமான மனிதர்: காந்தி.

(தொடரும்)