லிப் பாமுக்குள் இருந்த கற்பூரம்

என்னட்டை இப்போது ஏழு லிப் பாம் இருக்கிறது. ஸ்ட்ரோபெரி, தேங்காய், வனிலா, புதினா இரண்டு, தேயிலை எண்டு எழுதியிருந்தும் எலுமிச்சை மணக்கிற ஒன்று. ஏழாவது, மருந்துக்கடையில் வாங்கிய சின்ன வெள்ளை டப்பா. அதைவிட, உருட்டிப் பூசுகிற அத்தர் நாலு. யாழ்ப்பாண ரவுணுக்குப் போனால் முதலில் நுழைவது புத்தகக்கடைக்குள்தான் எண்டு எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன். பொய்.

போன கிழமை பெரியம்மா என் மேசையைப் பார்த்துவிட்டுக் கேட்டா: "உதெல்லாம் எங்கட பழக்கமே பிள்ளை? வெளிநாட்டுக்காரற்ற பழக்கம்." அவ அதைச் சொன்ன நேரம் சாமியறையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. இரவு அந்த வெள்ளை டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தேன். தேன்மெழுகு, பெற்றோலியம் ஜெலி, மென்தோல், அதற்கு அடுத்ததாகக் கற்பூரம். சாமியறையில் எரிகிற சாமானும் என் உதட்டில் பூசுகிற சாமானும் ஒன்றுதான். அப்படியெண்டால் இதில் எது எங்கட, எது வெளிநாட்டான்ர?

பதில் தேடப் போய் எங்கட ஊர்க் கரையிலேயே வந்து நிற்பேன் எண்டு நினைக்கவில்லை.

முதலில் கற்பூரம். அது எங்கட காணி வளவில் விளைகிற சாமான் இல்லை. பழைய காலத்தில் விலை கூடிய கற்பூரம் சுமாத்திரா, போர்னியோக் காடுகளில் இருந்து வந்தது. வானம் தொட வளர்கிற ஒரு மரத்தின் உள்வெடிப்புகளில் அது வெள்ளைப் பளிங்காக உறைந்து கிடக்கும். எந்த மரத்துக்குள் இருக்கு எண்டு வெளியால பாத்துச் சொல்ல ஏலாது. வெட்டிப் பிளந்துதான் பார்க்க வேணும். சுமாத்திராவின் மேற்குக் கரையில் இருக்கிற பாருஸ் என்ற துறைமுகம் இந்தக் கற்பூரத்துக்குப் பேர்போன இடம். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் கற்பூர வகைகளை வரிசையாகச் சொல்லும் இடத்தில் அந்த ஊரின் பெயரும் ஒரு வகையின் பெயராக வருகிறது. பாஸ்மதி, சம்பா எண்டு நாங்கள் அரிசியைப் பிரிக்கிற மாதிரி அந்தக் காலத்து ஆட்கள் கற்பூரத்தைப் பிரித்திருக்கிறார்கள்.

அந்தப் பாருஸ் பக்கம், லோபு துவா என்ற இடத்தில் ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. எழுதியிருப்பது தமிழில். ஆண்டு 1088. வெட்டுவித்தவர்கள் ஐநூற்றுவர் என்ற பெரும் வணிகக் குழு. கப்பலோடு வருகிற நாயகரும் ஆட்களும் கட்ட வேண்டிய தீர்வையை அது சொல்கிறது: கஸ்தூரியின் விலையை வைத்துக் கணக்கிட்டுப் பொன்னாகக் கட்ட வேண்டும். இதை நான் இரண்டு தரம் வாசித்தேன். இன்றைக்கு டொலர் விலையைப் பார்த்துச் சாமான் விலை சொல்கிற மாதிரி, அங்கே ஒரு வாசனைப் பொருளின் விலை அளவுகோலாக நின்றிருக்கிறது. கஸ்தூரியும் சுமாத்திராவில் கிடைப்பதில்லை. அது இமயமலைப் பக்கத்து மானிடம் எடுப்பது. திபெத்து மானின் விலையைச் சொல்லி, சுமாத்திராவில், தமிழில் தீர்வை கேட்டிருக்கிறார்கள்.

இனி எங்கட ஊர்.

பண்ணைப் பாலத்தால் வந்து மண்டைதீவைத் தாண்டினால் அல்லைப்பிட்டி. வேலணைத் தீவின் வாசல்படி மாதிரி. ஊரின் பெயரைப் போனில் தேடிப் பாருங்கள். 2006 வரும். அந்த ஆண்டு மே 13 இரவு எங்கட ஊரிலும் அயலூர்களிலும் பொதுமக்கள் 13 பேர் கொல்லப்பட்டார்கள். அது மறக்கக்கூடிய செய்தி இல்லை, மறக்கவும் கூடாது. ஆனால் எட்டு வயதில் பள்ளிக்கூட வேலைக்காக ஊர்ப் பெயரைத் தேடுகிற ஒரு பிள்ளைக்கு அது மட்டும் வந்து நிற்கிறபோது எப்படி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் கீழே போனால் ஷோபாசக்தி வருவார், எழுத்தாளர் பிறந்த ஊர் எண்டு. இன்னும் கீழே, ஆரும் போகாத ஆழத்தில், சீனக் கோப்பைகள் வரும்.

1970களின் பிற்பகுதியில் ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர், இந்திய இலங்கைக் கரைகளில் சீன மட்பாண்டங்களைத் தேடி வந்தவர், அல்லைப்பிட்டியில் சொங் அரச காலத்து ஓடுகளைக் கண்டார். 2018இல் சாங்காய் அருங்காட்சியகத்தின் ஆட்களும் இலங்கையின் மத்திய கலாசார நிதியமும் சேர்ந்து இங்கே அகழ்ந்தார்கள். 600க்கு மேற்பட்ட ஓடுகள். தென்சீனச் சூளைகளில் சுட்டவை. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதாவது பாருஸில் அந்தக் கல்வெட்டு நட்ட அதே காலம். சின்ன வயதில் கடற்கரையில் பொறுக்கி மற்றப் பெடியளுக்கு எறிந்து விளையாடிய ஓடுகளில் எத்தனை சீன ஓடோ எண்டு இப்ப யோசிக்கிறன்.

கிடைத்தது பாத்திரம்தான், வாசனை இல்லை. மணம் ஓட்டில் ஆயிரம் வருசம் தங்காது. ஆனால் அந்தக் கோப்பைகளைக் கொண்டுவந்த கடல்வழியில் எதிர்ப்பக்கமாகப் போனது என்ன எண்டு பார்த்தால் மூக்குத் தானாக விரியும். 1077இல் சோழ நாட்டில் இருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீன அரசவைக்குப் போனது. கொண்டுபோன சாமான்களின் பட்டியல் சீனக் குறிப்புகளில் இருக்கிறது: கண்ணாடிப் பாத்திரம், யானைத் தந்தம், கற்பூரம், தூபப் பொருட்கள், கராம்பு, கோஷ்டம், பன்னீர். பெருங்காயமும் போயிருக்கிறது, அதையும் வாசனைக் கணக்கில் சேர்க்க விரும்புகிறவர்கள் சேர்க்கலாம். இதில் எத்தனை சோழ நாட்டில் விளைந்தது? கற்பூரம் சுமாத்திரா. கராம்பு மலுக்குத் தீவுகள். பன்னீர் பாரசீகம். சோழர் ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுத்திருக்கிறார்கள். 1974இல் சீனாவின் சுவான்சோ துறைமுகப் பக்கம் சேற்றுக்குள் இருந்து 13ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். அதற்குள் வாசனைக் கட்டைகள் மட்டும் 2,000 கிலோவுக்கு மேல். சுவான்சோவில் ஒரு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது, 1281ஆம் ஆண்டு.

இந்தப் போக்குவரத்து எங்கட தீவுகளைத் தொட்டுத்தான் போனது என்பதற்குச் சாட்சி நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு. சிங்கள மன்னன், தமிழில் ஆணை. வெளிநாட்டார் ஊறாத்துறைக்கு வரலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு எண்டு சொல்கிறது. ஊறாத்துறை எண்டால் இன்றைய ஊர்காவற்றுறை. கப்பல் உடைந்தால் என்ன செய்வது எண்டும் இருக்கிறது. யானை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மிச்சம் சொந்தக்காரருக்கு. வேறு வணிகச் சரக்கெண்டால் சரிபாதி அரசனுக்கு. யானையும் குதிரையும் படைக்குத் தேவை, அதுக்குச் சலுகை. கற்பூரமும் அகிலும் சரிபாதிக் கணக்கில்தான் வந்திருக்கும். எனக்கு வருகிற பொதிக்கும் இப்ப கிட்டத்தட்ட அதே கணக்குத்தான்.

ஆக, பெரியம்மாவுக்குச் சொல்ல மறுமொழி கிடைத்துவிட்டது. கற்பூரம் சுமாத்திரா, கஸ்தூரி இமயம், குங்கிலியத்துக்குப் பக்கத்தில் எரிகிற சாம்பிராணியும் சுமாத்திராக் காட்டுப் பிசின். இப்ப அது கம்ப்யூட்டர் சாம்பிராணியாக வருகிறது, அந்தப் பெயரை ஆர் வைத்தார்களோ அவர்களைக் கண்டு கைகுலுக்க வேணும். அத்தர், சவ்வாது எண்ட சொற்களே அரபு வழி வந்தவை. இன்றைக்குச் சாமியறையில் எரிகிற வில்லைக் கற்பூரம் அந்தச் சுமாத்திரா மரத்தில் இருந்துகூட வருவதில்லை. பெரும்பாலும் பைன் மரத் தைலத்தில் இருந்து தொழிற்சாலையில் செய்வது. (அதை உதட்டிலோ வாயிலோ வைத்துப் பார்க்காதீர்கள். கற்பூரம் உள்ளே போனால் நஞ்சு. சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பே வரும்.)

ஆனால் இந்த மறுமொழியோடு எனக்குத் திருப்தி வரவில்லை. வந்த வாசனையை ஆர் பூசினார்கள்?

சிலப்பதிகாரத்தில் கடலாடப் போக முதல் மாதவி அலங்கரிக்கிற இடம் இருக்கிறது. துவர் பத்து, விரை ஐந்து, ஓமாலிகை முப்பத்திரண்டு வகை ஊறிய தண்ணீரில் முழுகி, கூந்தலை அகில் புகையில் உலர்த்தி, ஐந்தாக வகுத்துக் கஸ்தூரிக் குழம்பு பூசுவாள். இன்றைக்குக் காணொளியில் காலைப் பராமரிப்பு எண்டு போடுகிற பிள்ளைகள் எல்லாரும் இவளுக்குப் பிறகுதான். தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில், இறைவன் நீராடும் தண்ணீரை மணக்கச் செய்ய ஏலம், செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் வாங்கக் காசு முதலிட்ட கணக்கு இருக்கிறது.

எங்கட பக்கத்துக் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1344இல் இபுனு பதூதா ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்திக்கிறார். யாழ்ப்பாணத்து அரசன். அவனிடம் மாணிக்கத்தில் செய்த, உள்ளங்கை அளவு கிண்ணம் ஒன்று இருந்ததாகவும், அதற்குள் அகில் எண்ணெய் இருந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார். பயணி ஆச்சரியப்பட, இதைவிடப் பெரியதெல்லாம் எங்களிடம் இருக்கு எண்டானாம் அரசன். அந்தத் தொனியை எங்கட ஊரில் இண்டைக்கும் கேட்கலாம், கனடாவில் இருந்து வருகிற மாமாமாரிடம். உள்ளங்கைக்குள் அடங்குகிற கிண்ணம், உள்ளே வாசனைத் தைலம். என் டப்பாவின் பாட்டன் அது.

அகில் மணம் காயத்தில் இருந்து வருவது. மரத்தில் பூஞ்சணம் பிடித்தால் அந்த இடத்தைக் காக்க மரம் ஒரு பிசினைச் சுரக்கும், அந்தப் பிசின்தான் மணம். அரபில் ஊத். என் நாலு அத்தரில் ஒன்று ஊத் எண்டு எழுதினது; அந்த விலைக்கு உண்மையான அகில் கிடைக்காது, செயற்கை மணம்தான், தெரிஞ்சுதான் வாங்கினேன். இலங்கையின் தெற்கு ஈரக் காடுகளில் வளர்கிற வல்லப்பட்டை மரத்திலும் இந்த மணப் பிசின் இருக்கு எண்டு கண்டபிறகு, விமான நிலையத்தில் வல்லப்பட்டையோடு பிடிபட்ட செய்திகள் அடிக்கடி வருகின்றன.

மாதவி, கடவுள், அரசன். இவர்களுக்கு வெளியே நின்றவர்கள்? கப்பலில் இருந்து மூட்டையைத் தோளில் இறக்கியவருக்கும் அந்த மணம் பட்டிருக்கும், வியர்வையோடு சேர்ந்து. அவரைப் பற்றி எந்தக் கல்வெட்டும் இல்லை. கோயிலுக்குள் கற்பூரம் எரிந்தபோது அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்ற உள்ளே விடப்படாத ஆட்கள் எங்கட சனம்தான். மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக வாசலில் இருந்து போராட வேண்டியிருந்தது 1968இல். சுமாத்திராவில் இருந்து வந்த சாமான் மூலஸ்தானம் வரைக்கும் போகலாம், பக்கத்து ஒழுங்கையில் பிறந்த மனிசன் போக ஏலாது. பெரியம்மா சொன்ன "எங்கட பழக்கம்" எண்ட சொல்லுக்குள் இதுவும் இருக்கிறது.

பெண்களுக்கு இன்னொரு கணக்கு. பொழுதுபட்டால் மல்லிகைப்பூ வைச்சுக்கொண்டு வெளியால போகாதே, பேய் பிடிக்கும். பஸ் தரிப்பிடத்தில் நல்ல மணமாக நிண்டால், உவள் சென்ற் அடிச்சுக்கொண்டு எங்கை போறாள் எண்டு பேச்சு. கலியாண வீட்டில் பன்னீர் தெளித்துச் சந்தனம் நீட்டுவார்கள், புருசன் செத்தவ தள்ளி நிற்க வேணும்.

1990 ஓகஸ்டில் தீவுகளுக்கு இராணுவம் வந்தபோது அம்மாவின் வீடு யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. பொருளாதாரத் தடைக் காலம். சவர்க்காரம் அருமை. பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளின் சட்டையும் ஒரே மணம், மழைநாளில் வகுப்பே பனங்காய் எண்டு அம்மா சொல்லுவா. ஆரோ கொழும்பில் இருந்து கொண்டுவந்து கொடுத்த வாசனைச் சவர்க்காரம் ஒன்றை அவ தோய்க்கவில்லை, குளிக்கவுமில்லை. உடுப்புப் பெட்டிக்குள் உறையோடு இரண்டு வருசம் வைத்திருந்தா.

அம்மம்மாவுக்கு என் லிப் பாம்களைக் காட்டினேன். அப்பப்பா இல்லை, அவவின்ர மனிசன், என் அம்மப்பா, செத்து முப்பது வருசத்துக்கு மேல். அதுக்குப் பிறகு அவ பூ வைக்கவில்லை, சந்தனம் தொடவில்லை. ஸ்ட்ரோபெரியை மணந்துவிட்டு முகத்தைச் சுளித்தா. தேங்காயை, "உது எண்ணெய்தானே" எண்டு திருப்பித் தந்தா. வெள்ளை டப்பாவைத் திறந்ததும் நிண்டுவிட்டா. கன நேரம் மூக்கிலேயே பிடித்துக்கொண்டிருந்தா.

"கோயில் மணக்குது."

பிறகு சுண்டுவிரலால் துளியளவு எடுத்து உதட்டில் பூசினா. பெரியம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தபோது, "மருந்து, உதடு வெடிச்சிருக்கு" எண்டா. மருந்தெண்டால் ஆரும் ஒண்டும் சொல்ல ஏலாதுதானே.

டப்பா இப்ப அவவின்ர தலையணைக்குக் கீழே இருக்கிறது. என்னட்டை மிச்சம் ஆறு.