வாசற்படி வரை வந்த நீதி

உறையூர் என்றால் இன்று நம் நினைவுக்கு வருவது தறியும், சுருட்டும், வெக்காளியம்மன் கோவிலுக்குச் செல்லும் நகரப் பேருந்தும்தான். திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதி; அவ்வளவே. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் அது சோழனின் கோநகர். அங்கிருந்து ஆண்ட கிள்ளிவளவன் என்னும் வேந்தன், ஒருநாள் சிறுவர் சிலரை யானையின் காலில் இட்டுக் கொல்லத் துணிந்தான். அந்தச் சிறுவர் செய்த குற்றம் என்ன? மலையமான் என்னும் பகைவனுக்கு மக்களாகப் பிறந்துவிட்டனர்!

யானை வந்து நிற்கிறது. மன்றத்தில் கூடியிருப்போர் பலர். வேந்தன் வெகுளியின் முன் வாய் திறப்பார் யார்? கோவூர் கிழார் திறந்தார். அவர் பேசிய பேச்சே புறநானூற்றின் 46ஆம் பாட்டு. புறாவின் துயர் தீர்க்கத் தன்னையே தந்தவன் வழியில் வந்தவன் நீ. புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்துண்ணும் குடியில் வந்தவர் இவர்கள். இப்படித் தொடங்கியவர், அடுத்து அந்தப் பிள்ளைகளின் முகத்தைக் காட்டுகிறார். யானையைக் கண்டதும் அவர்கள் அழுத அழுகையையே மறந்துவிட்டனர்; அறிமுகமில்லாத மன்றத்தை மருண்டு பார்க்கின்றனர்; இதுவரை அறியாத புதுத் துன்பம் ஒன்று அவர்களைப் பற்றிக்கொண்டிருக்கிறது. சொல்வதைச் சொல்லிவிட்டேன், இனி உன் விருப்பம் என்று அமர்ந்துவிட்டார் புலவர். பிள்ளைகள் பிழைத்தனர் என்கிறது பாட்டின் கொளு.

அழுகை நின்றுவிட்டதைப் புலவர் கவனித்தார், பாருங்கள்! அழும் பிள்ளைக்கு ஆபத்து, அழாத பிள்ளைக்கு ஆறுதல் என்றுதான் உலகம் எண்ணும். அச்சம் எல்லை கடக்கும்போது குழந்தை அழாது, அடங்கிவிடும் என்னும் உண்மையை, குழந்தை உளவியல் என்றொரு துறையே பிறவாத காலத்தில், தமிழ்ப் புலவர் ஒருவர் அரசவையில் எடுத்துரைத்தார்.

அரசியற் பகைக்கு இடையில் புகுந்து பேசலாம், ஒருவன் வீட்டுக்குள் புகுந்து பேசலாமா என்று கேட்பாருண்டு. அதற்கும் புறநானூறே விடை தருகிறது. மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல் பேகன், மனைவி கண்ணகியைக் கைவிட்டு வேறொருத்தியிடம் தங்கினான். மலைநாட்டுத் தலைவனின் இல்லறம் நமக்கென்ன என்று புலவர்கள் இருந்தார்களில்லை. கபிலர் கேட்டார், பரணர் கேட்டார், அரிசில் கிழார் கேட்டார், பெருங்குன்றூர் கிழார் கேட்டார். பரிசிலை நாடி வாழும் ஏழைப் புலவர்கள், பொன்னும் வேண்டேம், பொருளும் வேண்டேம், இன்றிரவே தேரேறி அவளிடம் செல், அதுவே எமக்குப் பரிசில் என்றனர். மயிலின் நடுக்கம் கண்டவனுக்கு மனைவியின் கண்ணீர் தெரியவில்லையே என்று முகத்துக்கு நேரே கேட்க அவர்களுக்குத் துணிவிருந்தது. அவன் கேட்டானா என்பது வேறு. கேட்பது தமக்குக் கடமை என்று அவர்கள் கருதினர் என்பதே நாம் குறிக்க வந்தது.

சங்க காலத்தைப் பொற்காலம் என்று பூசித்துக் கிடக்க நாம் எழுதவில்லை. கைம்பெண்ணுக்கு வெள்ளரி விதையும் கீரையும் உணவாய், பரற்கல் பாயாய் இருந்த கொடுமையும் அதே புறநானூற்றில் பதிவாகியிருக்கிறது. ஆயினும் வீட்டுக் கொடுமையை வெளியிலிருந்து ஒருவன் தட்டிக் கேட்கலாம் என்னும் வழக்கம் நம்மிடம் இருந்தது. பின்னர் அது தேய்ந்தது. தேய்ந்ததோடு நில்லாமல், கொடுமையே பெருமையாகப் போற்றவும்பட்டது!

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர் வரலாற்றைப் படியுங்கள். வாதாபியை வென்ற படைத்தலைவர் பரஞ்சோதியே பின்னாளில் திருச்செங்காட்டங்குடியில் அடியாருக்கு அமுது படைக்கும் சிறுத்தொண்டரானார். அடியார் வேடத்தில் வந்தவர் கேட்ட கறி, ஐந்து வயதுப் பிள்ளையின் கறி. ஒரே மகனாக இருக்கவேண்டும், தாய் பிடிக்கத் தந்தை அரியவேண்டும், அரியும்போது மனம் மகிழவேண்டும்! பள்ளிக்கூடத்திலிருந்து சீராளனைத் தந்தை அழைத்து வருகிறார். தாய் அவன் சின்னஞ்சிறு கால்களை மடியில் இடுக்கிக்கொள்கிறாள், கைகளைப் பிடித்துக்கொள்கிறாள். பெற்றோர் மகிழ்ந்திருப்பதைக் கண்ட குழந்தை, ஏதோ விளையாட்டென்று தானும் மகிழ்ந்து சிரிக்கிறது. அந்தச் சிரிப்பின் நடுவே கத்தி விழுகிறது.

சேக்கிழார் பக்தர், அவர் நோக்கம் வேறு. ஆனால் அவர் கவிஞருமாவார். அந்தச் சிரிப்பை எழுதாமல் விட அவருக்கும் மனம் வரவில்லை என்றே நாம் எண்ணுகிறோம். கதையின் முடிவில், அழைத்த குரல் கேட்டுப் பள்ளியிலிருந்து ஓடி வருபவன்போல் சீராளன் ஓடி வருகிறான். புராணத்தில் வருவான்! பள்ளியிலிருந்து வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கே அழிக்கப்பட்ட எந்தக் குழந்தை இவ்வுலகில் திரும்ப ஓடி வந்தது? இக்கதை உண்மையா, உருவகமா என்று வாதிடுவது நம் வேலையன்று. பெற்றவருக்குப் பிள்ளையின் உயிர்மீதும் உரிமையுண்டு என்னும் எண்ணத்தை எத்தனை தலைமுறை கைகூப்பிக் கேட்டது என்பதே நம் கவலை.

பாமர மக்களிடையே இதைவிடப் பரவிய கதை நல்லதங்காள் கதை. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள், பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு அர்ச்சுனாபுரம் வருகிறாள். அண்ணி மூளி அலங்காரி கதவடைக்கிறாள், பசித்த பிள்ளைகளை வதைக்கிறாள். இறுதியில் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். தெருக்கூத்திலும் நாடகத்திலும் இதைக் கண்டு கதறாத ஊர் குறைவு. கதறியவர்கள் எல்லோரும் மூளி அலங்காரியைச் சபித்தனர். ஒருவரேனும் வேறொரு கேள்வி கேட்டனரா? அந்த வீட்டை ஈன்ற தந்தைதானே நல்லதங்காளையும் ஈன்றான்? அண்ணனுக்குப் பங்கான வீட்டில் அவளுக்கு ஓர் அறைகூட ஏன் இல்லை? பங்குள்ளவளாக இருந்தால் அவள் கதவைத் தட்டியிருக்க வேண்டியதில்லை, திறந்திருப்பாள். பெண்ணுக்கும் ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டுமென்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்தியா முழுமைக்கும் 2005 வரை. அறுபதாண்டும் எழுபத்தாறாண்டும்!

வெள்ளையர் ஆட்சி வந்தது. சட்டப் புத்தகம் வந்தது. நீதி, வாசற்படி வரை வந்து நின்றது. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், வன்புணர்ச்சியைக் குற்றமென்றது. கூடவே ஒரு விலக்கும் வைத்தது: மனைவி பத்து வயது நிரம்பியவளாயின் கணவன்மீது அக்குற்றம் சாராது. பத்து வயது! நாம் ஐந்தாம் வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிறோமே, அந்த வயது. 1890இல் கல்கத்தாவில் பூல்மணி தாசி என்னும் சிறுமி, முப்பது கடந்த கணவனின் செயலால் உயிர்நீத்தாள். அவள் பத்தைக் கடந்திருந்ததால் வன்புணர்ச்சி வழக்கு நிற்கவில்லை. சிறு குற்றத்துக்கு ஓராண்டுத் தண்டனையோடு முடிந்தது. அந்தப் பிணத்தின்மேல் நின்றுதான் 1891இல் வயது 12 ஆக உயர்ந்தது. அதற்கே, மதம் போயிற்று என்று ஊர்கள்தோறும் எதிர்ப்புக் கூட்டங்கள்! பம்பாய் மாகாணத்தில் திலகர் போன்றோரே எதிர்த்து நின்றனர்.

அடுத்த ஆண்டு, 1892இல், சென்னை விவேக சிந்தாமணி இதழில் ஒரு தொடர்கதை தொடங்கிற்று. பெயர், சாவித்திரி சரித்திரம். எழுதியவர் இருபது வயது இளைஞர் அ. மாதவையா. பார்ப்பனக் குடும்பத்துச் சிறுமி தன் கதையைத் தானே சொல்வதாய் அமைந்த அந்தத் தொடர் இடையில் நிறுத்தப்பட்டது. 1903இல் அதுவே முத்துமீனாட்சி என்னும் நூலாய் வெளிவந்தது. மாமியார் வீட்டுக் கொடுமை, இளமையிலேயே கைம்மை, பின் மறுமணம் என்று விரியும் கதை. பிறந்த குலத்தின் உள்வீட்டை அவர் உள்ளிருந்தே திறந்து காட்டினார். அதனால்தான் அது சுட்டது. சட்டசபை செய்யாததை ஏடு செய்தது. 1925இல் அந்த வயது 13 ஆயிற்று. 1930 ஏப்ரல் முதல் நாள் சாரதா சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பெண்ணின் மண வயது 14 ஆயிற்று. அந்த நாளுக்குள் கழுத்தில் கயிற்றைக் கட்டிவிடவேண்டுமென்று நடந்த அவசரக் கல்யாணங்கள் நாடெங்கும் எத்தனை எத்தனை!

இனி, காவிரிப் பாலம் கடந்து திருவரங்கம் செல்வோம். கோவிலைச் சுற்றி ஏழு மதில்கள். வெளித் திருச்சுற்றுக்களில் தெருக்கள், தெருக்களில் வீடுகள். திண்ணை தாண்டி ரேழி, ரேழி தாண்டிக் கூடம், கூடம் தாண்டி அடுக்களை. அந்த அடுக்களையில் நடப்பது தெருவுக்குக் கேட்க எத்தனை சுவர்களைக் கடக்கவேண்டும்! அத்தகைய வீடொன்றுக்குச் சிறுவயதிலேயே மருமகளாய் வந்தவர், 1905இல் பிறந்த ரங்கநாயகி. குமுதினி என்னும் பெயரில் எழுதினார். அவருடைய ‘அந்தப்புர தபால்’ என்ன செய்தது தெரியுமா? இதிகாசத்து அரசிகளைக் கையில் எழுதுகோல் கொடுத்து உட்காரவைத்தது. அயோத்தியிலிருந்து சீதை, பிறந்தகத்துக்குக் கடிதம் எழுதுகிறாள். புக்ககத்துப் பகட்டுக்கு ஏற்ற சேலை வேண்டுமென்கிறாள். முடிவில், வேண்டாம், காட்டுக்குப் போகிறோம் என்கிறாள். படித்தவர் சிரித்தனர். புகுந்த வீட்டிலிருந்து தாய்க்கு எழுதும் பெண், எதை எழுதுவாள், எதை விழுங்குவாள் என்பதை அறிந்தவரால்தான் அந்தச் சிரிப்பை எழுதமுடியும்.

குமுதினி காந்தியவாதி, வைணவர். நம் கொள்கைக்கும் அவர் நம்பிக்கைக்கும் இடையே காவிரி அகலம் உண்டு. அதனால் அவர் செய்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எழுத்தோடு நில்லாமல், ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் திருச்சியில் சேவா சங்கம் கண்டவர் அவர். அதே திருச்சியில் 1959இல், பெரியாரும் மணியம்மையாரும் நாகம்மையார் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினர். பெற்றவர் யாரென அறியப்படாத குழந்தைகள் அங்கே வந்தன. தகப்பன் பெயர் என்ன என்று கேட்டே பிள்ளைகளைத் தலைகுனிய வைக்கும் நாட்டில், அக்குழந்தைகளின் பெயருக்கு முன் ஈ.வெ.ரா.ம. என்னும் தலைப்பெழுத்து இடப்பட்டது. திருநீறும் திருமண்ணும் அணிந்த எத்தனை நல்ல குடும்பங்களின் இரவுகள் அந்தத் தொட்டில்களில் விடிந்தனவோ!

தோழர்களே! பழங்கதை போதும், இன்றைய வகுப்பறைக்கு வருவோம். முழங்கைக்கு மேல் பிரம்புத் தழும்போடு ஒரு சிறுவன் வருகிறான். என்னடா என்றால், கீழே விழுந்துவிட்டேன் ஐயா என்கிறான். விழுந்த காயம் எது, விழுந்த அடி எது என்று நமக்குத் தெரியாதா? சென்ற மாதம்வரை வாயாடியாய் இருந்த சிறுமி திடீரெனப் பேச்சடங்கிப் போகிறாள். கோவூர் கிழார் கண்ட அதே அடக்கம். ஆசிரியர் ஓய்வறையில் இதைச் சொன்னால் உடனே வரும் விடை, “அது அவங்க வீட்டு விவகாரம், நமக்கெதுக்கு சார்?” துணைக்குப் பழமொழிகள் வேறு. அடியாத மாடு படியாது. அடிக்கிற கைதான் அணைக்கும். கல்லானாலும் கணவன்.

மாட்டுக்குச் சொன்னதை மகனுக்குச் சொன்னது எந்த நியாயம்? பள்ளியில் பிரம்பைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே தடுத்துவிட்டது. 2012இன் போக்சோ சட்டமோ ஒருபடி மேலே போகிறது. குழந்தைமீது பாலியல் வன்கொடுமை நடந்திருப்பதை அறிந்தவர், அதைக் காவல்துறையிடம் தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். வீட்டு விவகாரம் என்று ஒதுங்கும் ஆசிரியர், சட்டத்தின் முன் ஒதுங்கியவர் அல்லர், உடந்தையானவர். 1098 என்னும் நான்கு எண்களை அழுத்த ஒரு நிமிடம் பிடிக்காது. அழுத்தியபின் பிள்ளையின் தந்தை பள்ளி வாசலில் வந்து நின்று கத்துவார், கத்தட்டும்.

மனைவியரின் நிலை என்ன? 2005இல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் வந்தது. அதன்பின் 2019–21இல் நடுவண் அரசு நடத்திய ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கின்றனர். வீட்டுக்கு வந்த அயலாரிடம் வாய்விட்டுச் சொன்னவர் கணக்கு இது. சொல்லாதவர் கணக்கை யார் எடுப்பது?

1860இல் எழுதிய அந்த விலக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 10 என்றிருந்தது 12 ஆயிற்று, 13 ஆயிற்று, 1949இல் 15 ஆயிற்று. பிறகு அறுபத்தெட்டு ஆண்டுகள் அசையவில்லை. 2017 அக்டோபர் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதை 18 ஆக்கிற்று. 2024 சூலை முதல் நாள் பழைய தண்டனைச் சட்டமே நீங்கி, பாரதிய நியாய சங்கிதை நடைமுறைக்கு வந்தது. நூற்றறுபது ஆண்டுப் பழஞ்சட்டம் போயிற்று, விலக்கு போகவில்லை. 63ஆம் பிரிவில் புது எண்ணோடு வந்து அமர்ந்துகொண்டது. பெண் 18 வயது நிறைந்தவளாய், அவனுடைய மனைவியாய் இருந்துவிட்டால், அவள் விருப்பமின்றி அவன் செய்வது அந்தப் பிரிவின்கீழ் வன்புணர்ச்சி ஆகாது.