எவருடைய கணினிக்கும் எவருடைய திரையும்: சென்னை மேற்குப் புறநகரிலிருந்து ஒரு தொழில்நுட்ப வரலாறு

முன்னுரை

ஒரு நிறுவனத்தின் கணினியில் வேறொரு நிறுவனத்தின் மானிட்டரை இணைப்பது இன்று எவரும் யோசிக்காமல் செய்யும் வேலை. அதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு கூடத் தேவையில்லை. கணினிக்குள்ளேயே அமைந்த காட்சிச் சுற்று போதும். இந்த நிலை எப்படி உருவானது, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற தொழிற்பகுதிகளுக்கு அதன் பொருள் என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கணினியையும் திரையையும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடத்தில் வாங்கும் உரிமையைச் சாதாரண மக்களுக்குத் தந்தது, எந்த உற்பத்தியாளரும் பின்பற்றக்கூடிய பொது அளவீடே என்பது இதன் கருதுகோள்.

களம்

1951இல் உற்பத்தி தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஆகியவை இவ்வட்டாரத்தின் முகத்தை மாற்றின. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகள் இங்கே பெருகின. மரையின் அளவு பொதுவாக இருந்தால்தான் ஒரு பட்டறையின் போல்ட்டில் இன்னொரு பட்டறையின் நட்டு ஏறும் என்பது இங்குள்ள தொழிலாளிக்குக் கைப்பாடம். கணினித் திரைக்கு அப்படியோர் அளவீடு நிலைபெற நெடுநாள் ஆயிற்று.

இரு பாதைகள்: 1984–1994

ஐ.பி.எம். கணினிகளின் தொடக்ககால சி.ஜி.ஏ., இ.ஜி.ஏ. முறைகளில் ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற மானிட்டர் வேண்டியிருந்தது. 1987 ஏப்ரலில் அந்நிறுவனம் பி.எஸ்./2 கணினிகளை வெளியிட்டபோது, அவற்றுள் பலவற்றின் மதர்போர்டிலேயே வி.ஜி.ஏ. சுற்று இடம்பெற்றது. மூன்று வரிசைகளில் 15 பின்கள், அனலாக் சைகை, 640×480 புள்ளிகள், நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் படம் என்பவை அதன் இலக்கணம். பிற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. விரைவிலேயே அது துறை முழுவதற்கும் பொதுவாயிற்று.

ஆப்பிள் வேறு பாதையில் சென்றது. 1984இன் முதல் மேகின்டாஷில் திரையும் கணினியும் ஒரே பெட்டி. 1989இல் வந்த மேகின்டாஷ் டூ சி.ஐ. கணினியில் காட்சிச் சுற்று உள்ளேயே அமைந்தது. தனித் திரையை நேராக இணைக்கலாம். ஆனால் பிறர் தயாரித்த மானிட்டருக்கு மூன்று தடைகள் இருந்தன. முதலாவது, இணைப்பானிலும் 15 பின்களே என்றாலும் அவை இரண்டே வரிசைகளில் இருந்ததால் வி.ஜி.ஏ. கேபிள் பொருந்தாது. இரண்டாவது, அவற்றுள் மூன்று பின்கள் மானிட்டரின் வகையைக் கணினிக்கு உணர்த்துபவை. உரிய குறி கிடைக்காவிட்டால் படமே வராது. இதற்கென அந்தக் குறியைப் போலச் செய்யும் அடாப்டர்கள் விற்பனைக்கு வந்தன. மூன்றாவது, ஆப்பிளின் 13 அங்குலத் திரையின் கிடைமட்ட அலைவெண் 35 கிலோஹெர்ட்ஸ், வி.ஜி.ஏ.வுக்கோ 31.5. ஒரே அலைவெண்ணில் மட்டும் இயங்கும் மலிவான மானிட்டரில் படம் நிலைகொள்ளாது. பல அலைவெண்களுக்கும் தன்னைப் பொருத்திக்கொள்ளும் என்.இ.சி.யின் மல்டிசிங்க் வகைத் திரைகளே இந்த இடைவெளியை நிரப்பின.

1989இல் தொடங்கிய வெசா அமைப்பு இச்சிக்கலுக்குப் பொதுத் தீர்வு தேடியது. 1994இல் அது வெளியிட்ட டி.டி.சி. முறையில், மானிட்டரே தன் அளவையும் திறனையும் கேபிள் வழியாகக் கணினிக்குத் தெரிவிக்கும். மூன்று பின்களின் தனிக் குறி செய்த வேலையை எல்லோருக்கும் உரிய மொழி ஏற்றுக்கொண்டது.

ஆன்போர்டு காலம்: 1999–2010

1999இல் இன்டெல் 810 சிப்செட் காட்சிச் சுற்றைத் தனக்குள்ளேயே கொண்டுவந்தது. கணினியின் பொது நினைவகத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு படத்தைத் தீட்டும் முறை அது. வேகம் சற்றுக் குறைந்தாலும் தனி கார்டின் செலவு மிச்சம். சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கிப் பூட்டும் அசெம்பிள்டு கம்ப்யூட்டருக்கு இது பெரும் துணை. கணக்கு எழுதவும், கடிதம் அடிக்கவும், பாகத்தின் வரைபடத்தைத் திறந்து பார்க்கவும் ஆன்போர்டு வீடியோ போதுமானது. மேலும், சி.பி.யு. பெட்டி பழசானால் அதை மட்டும் மாற்றிக்கொண்டு மானிட்டரை வைத்துக்கொள்ளலாம். குறைந்த முதலில் தொழில் நடத்துவோருக்கு இது சிறிய ஆதாயமல்ல.

வரிக் கொள்கையும் கைகொடுத்தது. 1997இல் இந்தியா இணைந்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தின்படி, கணினிப் பொருட்களின் இறக்குமதித் தீர்வை 2005இல் நீங்கியது. 2007இல் பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் டெல் கணினி ஆலையும் சாம்சங் ஆலையும் உற்பத்தி தொடங்கின. கணினியும் திரையும் தனித்தனி ஆலைகளில் உருவாகி, வாங்குபவரின் மேசையில் ஒன்றுசேரும் பொருளாதாரம் இவ்வட்டாரத்தின் வாசலுக்கே வந்தது.

டிஜிட்டல் முறிவு: 2010க்குப் பின்

2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவோ, சாம்சங், எல்.ஜி. ஆகியவை வி.ஜி.ஏ.வைப் படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தன. எச்.டி.எம்.ஐ., டிஸ்பிளேபோர்ட் என்னும் டிஜிட்டல் இணைப்புகள் அந்த இடத்துக்கு வந்தன. எச்.டி.எம்.ஐ. மட்டுமுள்ள கணினியை வி.ஜி.ஏ. மானிட்டரோடு சேர்க்க வெறும் கேபிள் போதாது. டிஜிட்டல் சைகையை அனலாக்காக மாற்றும் சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். இதை அறியாமல், நல்ல திரையைப் பழுது என்று ஒதுக்கியோர் பலர்.

2011 செப்டம்பர் 15 அன்று, ஆவடிக்கு மேற்கே திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. மேசைக் கணினி இல்லாத வீடுகளிலும் உள்ளமைந்த காட்சிச் சுற்றோடு ஒரு கணினி நுழைந்தது. அதன் சிறு திரைக்குத் துணையாகப் பெரிய திரையொன்றைச் சேர்க்கும் வாய்ப்பும் கூடவே வந்தது. 2020 பொதுமுடக்கத்தில் வீடே அலுவலகமானபோது, அந்த வாய்ப்பு தேவையாக மாறியது. 2014இல் வகுக்கப்பட்ட யு.எஸ்.பி.-சி இணைப்பு படத்தையும் மின்சாரத்தையும் ஒரே கேபிளில் கொண்டுசெல்ல வல்லது. ஆயினும் எல்லா யு.எஸ்.பி.-சி துளைகளும் படத்தைத் தருவதில்லை. 2020இல் வந்த எம்1 மேக்புக், ஒரேயொரு வெளித் திரையைத்தான் நேரடியாக ஏற்றது. தடை இணைப்பானிலிருந்து சிப்புக்குள் இடம்பெயர்ந்திருக்கிறது.

முடிவுரை

இவ்வரலாற்றில் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. அளவீடு பொதுவாக இருந்த காலங்களில் திரையின் ஆயுள் நீண்டது, செலவு குறைந்தது. அளவீடு மாறிய அல்லது மறைந்த காலங்களில் அடாப்டருக்கும் கன்வெர்ட்டருக்கும் வாங்கியவரே பணம் கொடுத்தார். எனவே கணினி வாங்கும் பள்ளிகளும் அரசுத் துறைகளும், எத்தனை வெளித் திரைகள், எந்த இணைப்பில், எந்தத் தெளிவில் இயங்கும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதிக் கேட்க வேண்டும். பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடுடையோருக்கான அரசுப் பள்ளி இயங்குகிறது. ஓரளவு பார்வை உள்ள மாணவருக்குப் பெரிய திரை என்பது எழுத்தைப் படிக்க முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் உள்ள வேறுபாடு. தன் கண்ணுக்கு ஏற்ற திரையைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்குக் கிடைப்பதே, பொது அளவீட்டைக் காத்துக்கொள்ளப் போதுமான காரணம்.