அநாதைக் கார்கள்

அமெரிக்காவில் பழைய கார்களைத் தேடிப்பிடித்து மீட்டெடுப்பவர்கள் மத்தியில் ஒரு சொல் புழங்குகிறது. 'அநாதை.' தயாரித்த நிறுவனம் செத்துப்போய், பேர் சொல்ல வாரிசும் இல்லாத கார்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். பெக்கார்ட், ஹட்சன், நேஷ், கைசர், ஸ்டூடிபேக்கர். மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் அநாதைக் கார்களுக்கென்றே கண்காட்சி நடத்துகிறார்கள். ஹட்சன் கார் விற்ற கடைசி முகவரின் கடை இருந்த ஊர் அது. இப்போது அந்தக் கடையே அருங்காட்சியகம்.

சொல்லைக் கேட்டதும் மனசு கனக்கலாம். ஆனால் அவர்கள் அதைச் சொல்வது ஒரு நடைமுறைச் சிக்கலைக் குறிக்கத்தான். 1967ஆம் ஆண்டு ஃபோர்ட் மஸ்டாங் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். தரை முழுக்கத் துரு, கதவு தொங்குகிறது. கவலையே இல்லை. கதவுக் கைப்பிடியிலிருந்து இருக்கைத் துணி வரை எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஃபோர்டின் உரிமத்தோடு முழு உடலையே புதுத் தகட்டில் அடித்துக் கொடுக்கிறார்கள். காசு இருந்தால் துருப்பிடித்த ஒரு நம்பர் தகட்டைச் சுற்றி முழுக் காரையும் எழுப்பிவிடலாம். அதை மீட்டெடுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது ஷாப்பிங். அநாதைக் காருக்கு அந்த வசதி குறைவு. பாகம் வேண்டுமென்றால் அலைய வேண்டும். அலைகிறவன் ஒரு கட்டத்தில் அந்த நிறுவனத்தின் சரித்திரத்தைப் படிக்காமல் தப்பிக்க முடியாது.

ஸ்டூடிபேக்கரை எடுத்துக்கொள்கிறேன்.

1852இல் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் ஊரில் ஹென்றி, கிளெமென்ட் என்ற இரண்டு சகோதரர்கள் ஒரு கொல்லுப்பட்டறை போட்டார்கள். முதல் 68 டாலர் என்று சொல்வார்கள். அவர்களுடைய தம்பி ஜான் தங்கம் தேடி கலிஃபோர்னியா போனவர். போன இடத்தில் தங்கம் தோண்ட வந்தவர்களுக்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்து விற்று, 8,000 டாலர் சேர்த்துக்கொண்டு 1858இல் ஊர் திரும்பினார். அந்தப் பணத்தில் பட்டறை வளர்ந்தது. உள்நாட்டுப் போரில் வடக்கு ராணுவத்துக்கு வண்டிகள் போயின. 1902இல் மின்சாரக் கார், 1904இல் பெட்ரோல் கார். குதிரைவண்டி செய்தவர்களில் கார் யுகத்துக்குள் நுழைந்து அறுபது வருஷம் தாக்குப்பிடித்தவர்கள் மிகக் குறைவு.

இடையில் 1933இல் ஒருமுறை திவாலாகி, தலைவர் ஆல்பர்ட் எர்ஸ்கின் தற்கொலை செய்துகொண்டார். அதிலிருந்தும் எழுந்தார்கள். (அந்தக் காலத்தில் அவர்களுடைய ஒரு மாடலின் பெயர் 'டிக்டேட்டர்'. ஐரோப்பாவில் நிஜமான சர்வாதிகாரிகள் தலையெடுத்த பிறகு 1937ஓடு அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள்.) இரண்டாம் உலகப் போரில் ஸ்டூடிபேக்கர் செய்த சுமார் 2 லட்சம் யூ.எஸ்.6 லாரிகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போனது. கத்யூஷா ராக்கெட்டுகளைச் சுமந்து நின்றவற்றில் அவையும் உண்டு.

1953இல் வந்த ஸ்டார்லைனர் கூப்பேதான் அவர்களுடைய உச்சம். ரேமண்ட் லோவியின் குழுவில் ராபர்ட் பூர்க் வரைந்தது. தாழ்ந்த முன்பக்கம், நீண்டு மெலிந்த உடல். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதே ஆண்டு பத்துக் கார்களைத் தேர்ந்து காட்சிக்கு வைத்தபோது இதுவும் இருந்தது. அழகு அழகுதான், ஆனால் தொழிற்சாலையில் ரகளை. கனமான வி8 என்ஜினை ஏற்றியதும் சட்டகம் வளைந்துகொடுக்க, முன்பக்கத் தகடுகள் உடலோடு பொருந்தவில்லை. மக்கள் நாலு கதவுக் காரைத்தான் அதிகம் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மக்கள் கூப்பேயைக் கேட்டார்கள். அந்தத் தாமதத்தில் விட்ட சந்தையை அவர்கள் திரும்பப் பிடிக்கவே இல்லை. 1954இல் பெக்கார்டோடு இணைந்ததும் உதவவில்லை.

இங்கேதான் மீட்டெடுப்பவனுக்கு ஒரு விநோதமான அதிர்ஷ்டம் தொடங்குகிறது. புதிய உடலுக்கு அச்சு செய்யக் கோடிக்கணக்கில் வேண்டும், கையில் காசு இல்லை. ஆகவே 1953இன் உடலையே வெட்டி ஒட்டி, பெயர் மாற்றி, பதினோரு வருஷம் ஓட்டினார்கள். ஹாக் என்ற பெயரில் வந்தது அதே கூப்பே. 1959இல் நிறுவனத்தைக் கொஞ்சகாலம் காப்பாற்றிய லார்க், 1953இன் நாலு கதவு உடலின் முன்னும் பின்னும் குறுக்கியது. 1962இல் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த கிரான் டூரிஸ்மோ ஹாக், அதே பழைய எலும்புக்கு மேல் புதுச் சட்டை. அதே ஆண்டு எல்லோரையும் வாய்பிளக்க வைத்த அவான்டிக்குக்கூட அடிச்சட்டகம் லார்க்கினுடையதுதான். 1951இல் 232 கன அங்குலத்தில் பிறந்த வி8 என்ஜின், 259, 289 என்று வளர்ந்ததே தவிர மாற்றப்படவில்லை.

இதற்கு அர்த்தம் என்ன? 1955 காருக்கு வேண்டிய பாகம் 1963 காரில் கிடைக்கும். பழைய இரும்புக்கடைக்காரர்களிடம் ஹாலண்டர் என்றொரு தடிமனான புத்தகம் இருக்கும். எந்த வருஷத்து எந்தக் காரின் பாகம் எதற்குப் பொருந்தும் என்று எண் போட்டு அடுக்கிய புத்தகம், 1930களிலிருந்து வருகிறது. அநாதைக் காரை வைத்திருப்பவனுக்கு அதுதான் பஞ்சாங்கம். மற்ற நிறுவனங்கள் வருஷா வருஷம் பாகத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது மாற்ற வக்கில்லாமல் கிடந்த ஸ்டூடிபேக்கர், இன்று மீட்டெடுக்கச் சுலபமான அநாதையாகிவிட்டது. எந்த வறுமை நிறுவனத்தைக் கொன்றதோ அதுவே அதன் கார்களைக் காப்பாற்றுகிறது.

1963 டிசம்பர் 9ஆம் தேதி, சவுத் பெண்ட் ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம். டிசம்பர் 20இல் கடைசிக் கார் வெளியே வந்தது. சுமார் 7,000 பேருக்கு வேலை போனது. கனடாவின் ஹாமில்டன் ஆலை மட்டும் 1966 மார்ச் வரை ஓடியது.

மூடிய பிறகுதான் ஓய்வூதிய நிதியைத் திறந்து பார்த்தார்கள். கொடுக்க வேண்டிய முழுத் தொகையும் அதில் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் முழுத் தொகை கிடைத்தது, சுமார் 3,600 பேர். பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்த, நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட சுமார் 4,000 பேருக்கு ஒரு டாலருக்கு 15 சென்ட் கணக்கில் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவர்களுடைய சராசரி வயது 52, சராசரி உழைப்பு 23 வருஷம். மீதமிருந்த சுமார் 2,900 பேருக்கு ஒன்றுமே இல்லை. அமெரிக்காவில் தனியார் ஓய்வூதியத்தைப் பாதுகாக்கும் சட்டம் 1974இல் வந்தபோது, விவாதம் முழுக்க உதாரணமாக நின்றது ஸ்டூடிபேக்கர்தான். சட்டம் வர பதினோரு வருஷம் ஆனது. 1963இல் 52 வயதானவருக்கு அப்போது 63.

அதே நேரத்தில் உதிரிபாகங்களுக்கு என்ன ஆனது? சவுத் பெண்டில் ஸ்டூடிபேக்கர் விற்ற நேதன் ஆல்ட்மன், லியோ நியூமன் என்ற இருவர் அவான்டியின் உரிமையையும் அச்சுகளையும் வாங்கி, செவ்ரோலெட் என்ஜின் போட்டு 1965இலிருந்து கையாலேயே கட்டி விற்க ஆரம்பித்தார்கள். பிற்பாடு பழைய பாகங்களின் கையிருப்பும் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. வாட்டர் பம்ப், பேரிங், பம்பர், விளக்கு வளையம், எல்லாம் பெட்டி பிரிக்காமல், எண் ஒட்டிய தாளோடு. பாகங்களுக்கு அடுக்கு இருந்தது, கணக்கு இருந்தது, வாங்க ஆளும் இருந்தது. இதில் யாரோ சதி செய்ததாக நான் சொல்லவில்லை. நிர்வாகம் நல்ல காலத்தில் லாபத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது என்பார்கள் சிலர், தொழிற்சங்கம் அதிகக் கூலி கேட்டது என்பார்கள் வேறு சிலர். ஆனால் இரும்பைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

பெட்டி பிரிக்காத இந்தப் பழைய சரக்கை என்.ஓ.எஸ். என்கிறார்கள். 'புதிய பழைய சரக்கு' என்று தமிழில் சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் சரியான பெயர். இதைத் தேடித்தான் ஒவ்வோர் அக்டோபரிலும் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊருக்குக் கூட்டம் கூடுகிறது. சாக்லேட் தொழிற்சாலை ஊர். 1955இலிருந்து நடக்கும் சந்தை, ஆயிரக்கணக்கான கடைகள். முன்பெல்லாம் புல்வெளியில் நடக்குமாம். மழை பெய்தால் முட்டிவரை சேறு. அப்படியும் எண் எழுதிய துண்டுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாகக் குனிந்து பார்த்திருக்கிறார்கள். ஊரைவிட்டு நகர முடியாதவர்களுக்கு ஹெம்மிங்ஸ் என்ற பத்திரிகை இருந்தது. 1954இல் தொடங்கியது, அந்தக் காலத்தில் பக்கம் பக்கமாகச் சின்ன எழுத்து விளம்பரங்கள்தான். வேறெதுவும் இல்லாததால்தான் அதை எழுத்து விடாமல் படித்தார்கள் போல.

என்.ஓ.எஸ்.ஸை நம்பி ஏமாறுகிற ஒரு பொருள் உண்டு. ரப்பர். பெட்டி புதுசு, முத்திரை புதுசு, உள்ளே இருக்கும் பிரேக் குழாயோ கதவோர ரப்பரோ கல்லாகியிருக்கும். வளைத்தால் வெடிக்கும். இரும்பு எண்ணெயில் காத்திருக்கும், ரப்பர் காத்திருக்காது. அதனால் ரப்பர் பாகங்களைப் புதிதாகத்தான் வார்க்க வேண்டியிருக்கிறது.

ரப்பர் என்றதும் நமக்கு வேறு ஞாபகம் வரும். போருக்கு முன்னால் உலகத்திலேயே அதிக ரப்பர் விளைந்தது மலாயாவில், அதிகம் வாங்கியது அமெரிக்கா, வாங்கியதில் பெரும்பங்கு டயருக்கு. 1930களின் ஒரு ஸ்டூடிபேக்கர் டயரில் நம் தாத்தா பாட்டி விடியற்காலையில் வெட்டிய பால் கலந்திருந்தால் ஆச்சரியமில்லை. 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைப் பிடித்தபோது அமெரிக்காவில் முதலில் ரேஷனுக்கு வந்த பொருள் டயர். பிறகு நாடு முழுக்கப் பெட்ரோலுக்கும் அளவு வைத்தார்கள். காரணம் பெட்ரோல் தட்டுப்பாடு அல்ல, வண்டி ஓடாமல் இருந்தால் டயர் தேயாது என்பதுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது பால்வெட்டியவர்கள் என்ன வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள் என்பது வேறு கட்டுரை. சவுத் பெண்டின் 15 சென்ட்டைப் படிக்கும்போது அது குறுக்கே வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

எது அசல் என்ற கேள்விக்கு வருகிறேன். சவுத் பெண்ட் மூடியதோடு ஸ்டூடிபேக்கரின் சொந்த என்ஜின் வார்ப்பும் நின்றது. 1965, 66 மாடல்களுக்கு கனடாவில் ஜெனரல் மோட்டார்ஸின் துணை நிறுவனமான மெக்கின்னனிடம் என்ஜின் வாங்கினார்கள். செவ்ரோலெட் என்ஜினின் உடன்பிறப்பு. ஆக 1964 காரில் செவ்ரோலெட் என்ஜினைப் போட்டால் 'கெடுத்துட்டான்' என்பார்கள், 1965 காரில் அதை எடுத்துவிட்டு ஸ்டூடிபேக்கர் என்ஜினைப் போட்டாலும் அதே பேச்சுதான் கிடைக்கும். சவுத் பெண்டில் இருக்கும் ஸ்டூடிபேக்கர் தேசிய அருங்காட்சியகம் இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கிறது. வரிசை எண்ணைச் சொன்னால் அந்தக் காரின் உற்பத்தி ஆணையின் நகலைத் தருவார்கள். என்ன நிறம், என்ன என்ஜின், எந்த முகவருக்குப் போனது, எல்லாம் அதில் இருக்கும். காருக்கு ஜாதகம்.

மிகவும் தீவிரமானவர்கள் அதோடு நிற்பதில்லை. பழைய கார்களைப் பிரிக்கும்போது கதவுப் பலகையின் பின்பக்கத்திலும் என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டிலும் மெழுகுக் குச்சியால் கிறுக்கிய எண்கள் தென்படும். ஒரு டிக், ஒரு சுழி, பெயின்ட் சொட்டு. அசெம்பிளி வரிசையில் நின்றவர் 'இதைப் பார்த்தாச்சு' என்று போட்ட அடையாளம். முதலில் புகைப்படம் எடுத்துவிட்டு, தகட்டைச் சுரண்டி, புதுப் பெயின்ட் அடித்து, அந்தக் கிறுக்கலை அதே இடத்தில் அதே சாய்வில் திரும்ப வரைகிறார்கள். அமெரிக்காவின் பழைய கார் சங்கம் இப்போது மீட்டெடுக்காமல், பழைய பெயின்ட்டோடு அப்படியே வைத்திருக்கும் கார்களுக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான். அந்தக் கிறுக்கல் முதல் கையிலேயே இருக்கட்டும்.

ஆனால் எல்லாவற்றையும் அப்படி விட்டுவிடவும் முடியாது. சவுத் பெண்டுக்கு மேற்கே நிறுவனத்தின் சோதனைத் திடல் இருந்தது. 1930களின் கடைசியில் அங்கே பைன் மரங்களை நட்டு, அரை மைல் நீளத்துக்கு நிறுவனத்தின் பெயரை எழுதினார்கள். இன்று அந்த இடம் பொதுப் பூங்கா. மரங்கள் நிற்கின்றன, வானத்திலிருந்து பார்த்தால் படிக்கலாம். சந்தைக்கு வராத சோதனை வண்டிகளைப் பக்கத்துக் காட்டுக்குள்ளேதான் தள்ளிவிட்டிருந்தார்கள். 1947 சாம்பியன் அடிப்படையில் செய்து பார்த்த மர உடல் ஸ்டேஷன் வேகன் ஒன்று அங்கே கிடந்தது. உலகத்தில் அப்படி வேறொன்று கிடையாது. எந்த ஹாலண்டர் புத்தகத்திலும் அதற்கு எண் இல்லை, எந்தச் சந்தையிலும் அதன் பாகம் விற்காது. மரம் மக்கிப்போயிருந்தது. ஸ்டூடிபேக்கர் ஓட்டுநர் சங்கத்தின் உள்ளூர்க்காரர்கள் அதை இழுத்துவந்து, மற்ற மாடல்களிலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்து, மரவேலையைப் புதிதாகச் செய்து நிறுத்தினார்கள். இப்போது அது அருங்காட்சியகத்தில் இருக்கிறது.